பரலோகத்துக்கு முந்திப் போகிறவள்

சுகிர்தத்துக்குப் பரலோகம் போவதில் எந்தத் தடையும் இல்லை. அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. அறுபத்தைந்து வயதுக்குள் செல்லூர் சபையில் அவள் தவறவிட்ட ஞாயிறு ஆராதனைகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதில் ஒன்று பிரசவத்துக்குப் போனது. இயேசு தனக்கென்று அங்கே ஓர் இடம் வைத்திருக்கிறார் என்பதை, ரேஷன் கார்டில் தன் பெயர் இருப்பதை நம்புகிற மாதிரி, அலட்டிக்கொள்ளாமல் நம்பினாள். அவளுடைய சிக்கல் வேறு. அவளுக்கு முன்னால் ஞானப்பூ அங்கே போய்ச் சேர்ந்துவிடுவாள் போலிருந்தது.

ஞானப்பூ அவளுடைய நாத்தனார். காலமான கணவர் இம்மானுவேலின் ஒரே தங்கை, மேலூர்க்காரி. இரண்டு பேருக்கும் எட்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கல்யாண வீடுகளில் ஒருத்தி முதல் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவள் மூன்றாம் பந்திக்குக் காத்திருப்பாள். இரண்டாம் பந்தி பாதுகாப்புக்காகக் காலியாக விடப்பட்டது.

இம்மானுவேல் இப்போது பரலோகத்தில் இருக்கிறார். ஞானப்பூ முந்திப் போனால் என்ன ஆகும்? நேராக அண்ணன் பக்கத்தில் போய் உட்காருவாள். எட்டு வருடக் கதையையும் தன் பக்கத்து நியாயமாகவே சொல்வாள். அவர் வாயைத் திறந்துகொண்டு கேட்பார். தங்கச்சி சொல்லும்போது அவர் என்றைக்குக் குறுக்கே பேசினார்? பிறகு ஒரு நாள் சுகிர்தம் ஆசையாக அங்கே போய் நிற்கும்போது, அவர் முகம் ஒரு மாதிரியாக இருக்கும். முப்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்திய மனுசன், "வா" என்று சொல்வதற்கு ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடியை நினைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நாத்தனார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

சண்டை உப்பில் ஆரம்பித்தது. சாதாரண ஆளிடம் உப்பைப் பற்றிக் குறை சொன்னால் அது வெறும் குறை. சுகிர்தத்திடம் சொன்னால் மானப் பிரச்சினை. ஏனென்றால் அவள் முப்பத்தோரு வருடம் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவள். தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்துக்குள் இருந்த பள்ளிக்கூடம், தினமும் இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். அவள் உப்புப் பார்க்கிற விதம் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். நாக்கில் வைக்கவே மாட்டாள். கொதிக்கிற சாம்பார் அண்டாவுக்கு மேல் குனிந்து ஒரு முறை மூச்சை இழுப்பாள். "இன்னும் அரைக் கை வேணும்" என்பாள், இல்லாவிட்டால் "போதும்" என்பாள். ஒரு நாளும் பிசகியதில்லை. இதை நம்பாத ஓர் அதிகாரி, ஆய்வுக்கு வந்த இடத்தில் ஒரு கரண்டி வாங்கிக் குடித்துப் பார்த்தார். அப்புறம் இரண்டு கரண்டி சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட மறந்து போய்விட்டார். சுகிர்தம் வாழ்க்கையில் வாங்கிய ஒரே விருது அதுதான்.

பரலோகத்தைப் பற்றியும் அவள் சமையற்காரியாகத்தான் யோசிப்பாள். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்த பொன் வீதியும் முத்து வாசலும் அவளை அவ்வளவாக இழுக்கவில்லை. சித்திரை வெயிலில் பொன் வீதியில் செருப்பில்லாமல் நடக்க முடியுமா என்றுதான் அப்போதே கேட்டாள். ஆனால் அங்கே பெரிய விருந்து ஒன்று உண்டு என்ற சேதி பிடித்திருந்தது. ஒரு தடவை பெண்கள் கூட்டத்தில் எழுந்து, "விருந்து விருந்துன்னு சொல்றீக, யாரு சமைக்கிறது?" என்று கேட்டே விட்டாள். கூட்டம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆதாம் தொடங்கி அத்தனை பேரையும் உட்கார வைத்துப் பந்தி போடுவது என்றால் சும்மாவா? உலை வைக்கவே ஒரு யுகம் ஆகும்.

இம்மானுவேல் அரசு பஸ் டிரைவர். மாட்டுத்தாவணிக்கும் மேலூருக்குமாக இருபத்தாறு வருடம் ஓட்டினார். மதியச் சாப்பாடு மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தங்கை வீட்டில், இரவுச் சாப்பாடு செல்லூரில். தங்கமான மனுசன். வண்டியில் அவர் பிரேக் போட்டால் தூங்குகிற குழந்தை விழிக்காது. நாக்குக்குத்தான் பிரேக் கிடையாது. ஐம்பத்தைந்து வயதில் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஆகாது என்றார். சுகிர்தம் அன்றைக்கே குறைத்தாள். அவர் அன்று ராத்திரி ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று வருடம் கழித்துப் பக்கவாதம் அடித்தது. நான்காம் நாள் போய்விட்டார். "உப்பைக் குறைச்சிருக்கணும்" என்று டாக்டர் சொன்ன மறு நிமிடம், ஆஸ்பத்திரி வராண்டாவில் இருபது சொந்தக்காரர்கள் நிற்கும்போது, ஞானப்பூ தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"உப்பக் கொட்டிக் கொட்டியே எங்கண்ணனக் கொன்னுட்டாளே! ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் அளவாப் போடத் தெரிஞ்சவளுக்கு எங்கண்ணனுக்குப் போடத் தெரியலையே!"

சுகிர்தம் அன்று அழுததில் பாதி கணவருக்கு, பாதி அந்தப் பேச்சுக்கு. அது பச்சைப் பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர், "ஒரே ஒரு துண்டு, சுகிர்தம்" என்று பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கெஞ்சுவார். அவள் மனசு இளகி ஒரு துண்டு கருவாடு வறுத்துப் போட்டுவிடுவாள். சின்னத் துண்டுதான். ஆனால் தினமும் போட்டாள். இந்த ஒரு விஷயத்தை அவள் ஆண்டவரிடம் தவிர யாரிடமும் சொன்னதில்லை. ஆண்டவரிடமும் சுருக்கமாகத்தான் சொன்னாள்.

மதுரையில் ஒருவர் செத்துப் போனதற்குச் சான்றிதழ் அப்புறம்தான் வரும். சுவரில் போஸ்டர் முதலில் வந்துவிடும். படம் போட்டு, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று மேலே போட்டு, கீழே துக்கப்படுகிறவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகப் போட வேண்டும். அந்த வரிசையில் இல்லாதவர்கள் துக்கப்படவில்லை என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். சுகிர்தம் அழுத கையோடு பெயர்களைத் தாளில் எழுதி, செல்லூரில் அச்சகம் வைத்திருந்த நல்லகாமனிடம் கொடுத்தனுப்பினாள். மனைவி, மகன், மருமகள், ஒன்றுவிட்ட சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் வரைக்கும் எழுதினாள். கூடப் பிறந்த ஒரே தங்கையின் பெயரை எழுதவில்லை.

இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய ஊர் என்பதால் மேலூரிலும் முப்பது போஸ்டர் ஒட்டினார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள், "என்ன, ஞானப்பூ பேரக் காணோம்?" என்று கேட்டார்கள். சுகிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பிரஸ்ல விட்டுட்டாக" என்றாள். நல்லகாமன் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். தாலி அறுத்தவளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், "ஆமா, எந் தப்புதான்" என்று பழியை வாங்கிக்கொண்டார். ஞானப்பூ அதை அரைகுறையாக நம்பினாள். நம்பின பாதிக்கு நல்லகாமனைத் திட்டினாள், நம்பாத பாதிக்கு மதினியோடு பேசுவதை நிறுத்தினாள்.

இப்படி எட்டு வருடம் ஓடின பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடந்தது. ஆயர் அசோக்குமார் பரலோகத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். முந்திப் போன நம் சொந்தங்களை அங்கே அடையாளம் கண்டுகொள்வோம், அவர்கள் நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்றார். சபையில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால், மேலூரிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரி சுகிர்தத்தின் காதில் சொன்னாள்: ஞானப்பூவுக்கு வயிற்றில் கட்டியாம், முற்றிப்போச்சாம், இனி ஆஸ்பத்திரியில் வைத்துப் பிரயோஜனமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

சுகிர்தத்துக்கு முதலில் பகீரென்றது. அடுத்ததாகத்தான், இவள் முந்திப் போய்விடுவாளே என்ற யோசனை வந்தது. அவள் திரும்பவும் உள்ளே போய் ஆயரைப் பிடித்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். இங்கருந்து ஒருத்தவுக முந்திப் போறாக, ஒருத்தவுக பிந்திப் போறாக. முந்திப் போனவுக அங்க இருக்கறவுககிட்ட, பிந்தி வாரவுகளப் பத்திப் பேசுவாகளா?"

ஆயர் நல்லவர், வயதில் சின்னவர். புருசன் நினைப்பில் கேட்கிறாள் என்று எண்ணி உருகிப்போனார்.

"பேசாம இருப்பாங்களாம்மா? உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருப்பாங்க."

"பொய்யும் பேசுவாகளா?"

"அங்க பொய்க்கு இடமே இல்லம்மா. மறைச்சு வச்சதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துரும்."

"எல்லாமுமா?"

"எல்லாமும். அதுக்காகப் பயப்பட வேண்டியதில்ல. பரலோகம் கோர்ட்டு இல்லம்மா, வீடு. நம்மளோட கணக்க அவரு ஏற்கெனவே சிலுவையில தீத்துட்டாரு. நேரங்காலங்கூட அங்க நம்மள மாதிரிக் கிடையாது. இங்க இருபது வருசம் ஆனாலும் அங்க காத்திருக்கறவங்களுக்கு அலுப்புத் தெரியாது."

ஆறுதலாகத்தான் சொன்னார் பாவம். ஆனால் சுகிர்தம் 'எல்லாமும்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அதுவரை ஞானப்பூ சொல்லப்போகும் பொய்க்குத்தான் அவள் பயந்திருந்தாள். அங்கே பொய்க்கு இடமில்லை என்றால், அவள் உண்மையைச் சொல்லுவாள். உண்மை இன்னும் மோசமாக இருந்தது. போஸ்டரும் வெளிவரும், கருவாடும் வெளிவரும்.

மறுநாள் காலை நல்லகாமன் அச்சகத்துக்குப் போனாள். இப்போது அங்கே தாள் போஸ்டரைவிட பிளக்ஸ்தான் அதிகம். காதுகுத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற பிளக்ஸ் ஒன்று தரையில் காய்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, அன்னைக்கு நான் பேரு எழுதிக் குடுத்த தாளு இருக்கா?"

"எட்டு வருசத்துக்கு முந்துன தாளாக்கா? கரையான்கூட மறந்திருக்கும். எதுக்கு?"

"ஒருவேளை நீதான் நெசமாவே ஒரு பேர விட்டுட்டியோன்னு பாக்கலாம்னு..."

நல்லகாமன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "யக்கா, மேலூர் அம்மா என்னைய ஏசுன ஏச்சு எனக்கும் என் மூணு தலமுறைக்கும் போதும். நீங்க புருசன எழந்து நின்னீக, வாங்கிக்கிட்டேன். இப்ப என்ன, புதுசா எவன் கேக்குறான்?"

"பரலோகத்துல கேப்பாகளாம்."

"அங்கயும் நாந்தான் வந்து சாட்சி சொல்லணுமா? எனக்கு எங்க கருப்பன்கிட்டவே ஆயிரம் பதில் சொல்ல வேண்டி இருக்கு. ஒங்க ஊரு கேசெல்லாம் என்னால பாக்க முடியாதுக்கா. ஒண்ணு செய்யுங்க. அந்தம்மாவுக்கு மூச்சு இருக்கையிலே போயி நீங்களே சொல்லிருங்க. அங்க வரைக்கும் எதுக்குக் கொண்டு போறீக?"

பிளக்ஸ் போடுகிறவர் சொன்னாலும் நியாயம் நியாயம்தான். செவ்வாய்க்கிழமை காலை சுகிர்தம் ஆரஞ்சு, ரொட்டி எல்லாம் வாங்கிக்கொண்டு மேலூர் பஸ் ஏறினாள். டிரைவர் பிரேக் போட்ட லட்சணத்தில் நாலு முறை முன் சீட்டில் முட்டிக்கொண்டாள். வழி நெடுக, பேச வேண்டியதைப் பிரசங்கம் மாதிரி மூன்று பாகமாகப் பிரித்துக்கொண்டு வந்தாள். முதலில் சுகம் விசாரிப்பு. இரண்டாவது, பட்டும் படாமலும் போஸ்டர். மூன்றாவது, 'நடந்தது நடந்து போச்சு, அங்கே போய் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிராத' என்று ஒரு சத்தியம். கருவாட்டை எந்தப் பாகத்திலும் சேர்க்கவில்லை.

கதவைத் திறந்தது ஞானப்பூவின் மருமகள் சுஷ்மா. சுகிர்தத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

"வாங்கத்தே. அவுக யாரையும் பாக்க மாட்டேன்றாக. எங்க சபை ஐயா ரெண்டு தரம் ஜெபம் பண்ண வந்தாரு. பரலோகம்னு ஒரு வார்த்த சொன்னதுமே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாக. என்னன்னே தெரியல."

சுகிர்தத்துக்கும் தெரியவில்லை. பாட்டுக் குழுவில் பரலோகப் பாட்டு என்றால் ஞானப்பூ குரலைத்தான் தெருக்கோடி வரை கேட்கலாம்.

உள்ளறையில் கட்டிலில் ஞானப்பூ பாதி ஆளாகக் கிடந்தாள். கன்னம் ஒட்டி, கை குச்சியாகி, கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. அதைப் பார்த்ததும் சுகிர்தத்துக்கு மூன்று பாகமும் மறந்து போயிற்று.

"வா, மதினி" என்றாள் ஞானப்பூ. எட்டு வருடத்தில் முதல் வார்த்தை.

"எப்படி இருக்க?"

"போறதுக்குத் தயாரா இருக்கேன்னு எல்லாரும் சொல்றாக. எங்கிட்டத்தான் யாரும் கேக்கல."

சுகிர்தம் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள். பட்டும் படாமலும் சொல்ல வேண்டியது மொத்தமாக வெளியே வந்து விழுந்தது.

"அந்தப் போஸ்டர்ல ஒம் பேர நல்லகாமன் விடல. நாந்தான் விட்டேன். வேணும்னேதான் விட்டேன்."

 ஞானப்பூ கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அடிப் பாவி மதினி! எட்டு வருசமா அந்த மனுசன எம்புட்டு ஏசிருப்பேன்! கை வெளங்காமப் போகன்னு சாபம் விட்டேனே! எங்க வீட்டு எதுத்த செவுத்துலயே ஒட்டியிருந்துச்சு. கூடப் பொறந்தவ நான் ஒருத்தி, எம் பேரு இல்ல. பக்கத்து வீட்டுக்காரன் பேரெல்லாம் இருக்கு! 'ஒங்கண்ணன் ஒன்னைய ஒதுக்கி வச்சுட்டாரா'ன்னு எங்க வீட்டுக்காரு ஆளுக கேட்டப்ப நான் எங்கிட்டுப் போயி முகத்த வச்சுக்கிருவேன்?"

சத்தம் கேட்டு சுஷ்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மூன்று வாரமாகத் தூக்கி உட்கார வைத்தால்தான் உண்டு என்றிருந்த மாமியார், தலையணையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இந்த மருந்தை முதலிலேயே வரவழைத்திருக்கலாமே என்று நினைத்தவள் போல, சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

சுகிர்தம் தலையாட்டினாள். "திட்டு. அம்புட்டையும் இங்கயே திட்டிரு. அங்க போயி அவருட்டச் சொல்லிராத. அதுக்குத்தான் வந்தேன்."

"எவருட்ட?"

"ஒங்கண்ணன்ட்டத்தான்."

ஞானப்பூவின் கோபம் அந்த இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. வாய் கோணியது. முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"நான் எப்படி மதினி அண்ணன் மொகத்துல முழிப்பேன்? அங்க போகவே பயமா இருக்கு எனக்கு."

"நீ ஏன் பயப்படணும்?"

"டாக்டரு சொன்ன பெறகும் குடுத்தேன் மதினி. மத்தியானம் வந்து ஒக்காந்துக்கிட்டு, 'ஒம் மதினி உப்பக் கண்ணுலயே காட்ட மாட்டேங்குறா, வாயெல்லாம் செத்துப் போச்சு, ஒரு துண்டு உப்புக்கண்டம் வறுத்துப் போடும்மா'ன்னு அண்ணே கெஞ்சும். எனக்கு மனசு கேக்காது. கூடவே நாரத்தங்கா ஊறுகாயும் வைப்பேன். மூணு வருசம். மதினிட்டச் சொல்லிராதன்னு சத்தியம் வாங்கிக்கிருச்சு. ஆஸ்பத்திரில டாக்டரு உப்புன்னு வாயத் தொறந்ததும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. யாராச்சும் என்னையப் பாத்துருவாகளோன்னு ஒன்னையக் கை காமிச்சுட்டேன். நாந்தான் எங்கண்ணனக் கொன்னேன்."

எட்டு வருடமாகச் சுகிர்தம் ஏங்கியது இந்த வார்த்தைக்குத்தான். இருபது சொந்தக்காரர்கள் முன்னால் போன மானம் இதோ திரும்பி வந்து மடியில் விழுந்தது. அவள் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் மனசு வேறு எங்கோ போய் எதையோ கூட்டிப் பார்த்தது.

"என்னன்னு சொன்னாரு? நான் உப்பக் கண்ணுல காட்டலைன்னா?"

"ஆமா. தெனமும் அதான் சொல்லும்."

"எங்கிட்ட என்ன சொல்லுவாரு தெரியுமா? 'மத்தியானம் ஞானப்பூ உப்பில்லாத கஞ்சியத்தான் ஊத்துறா, நீயாச்சும் ஒரு துண்டு கருவாடு வறுத்துப் போடு, சுகிர்தம்'னு கெஞ்சுவாரு. 'தங்கச்சிட்டச் சொல்லிராத, சங்கடப்படுவா'ம்பாரு."

ஞானப்பூ முந்தானையை முகத்திலிருந்து இறக்கினாள்.

"நீ போட்டியா?"

"போட்டேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல மனுசன், தங்கமான மனுசன், சபையில் காணிக்கைத் தட்டு தூக்கிய மனுசன், மேலூரில் ஒரு பொய்யும் செல்லூரில் ஒரு பொய்யுமாக, டிரிப் தவறாமல் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார். முதலில் சிரித்தது ஞானப்பூதான். சிரிப்பு இருமலாக மாறி, சுஷ்மா தண்ணீரோடு ஓடி வந்து, சுகிர்தம் முதுகைத் தடவிக் கொடுத்து, தண்ணீர் குடித்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. "உப்பில்லாத கஞ்சியாம்ல!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சுகிர்தத்துக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது எந்த வகைத் தண்ணீர் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் ஞானப்பூ மெதுவாகக் கேட்டாள். "அப்ப அண்ணே எம் மேல கோவமா இருக்காதுல்ல?"

"கோவமா? அவருக்கா? ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்னு தெரிஞ்சா, பரலோகத்துல எந்தத் தூணுக்குப் பின்னால ஒளியலாம்னு பாத்துக்கிட்டிருப்பாரு. நீதான் தேடிப் பிடிக்கணும்."

ஞானப்பூ சாய்ந்து படுத்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. "சுஷ்மா, நாளைக்கு ஐயாவ ஜெபத்துக்கு வரச் சொல்லும்மா" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னாள். பிறகு சுகிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனி நிம்மதியாப் போறேன் மதினி. நெஞ்சுல கெடந்தத எடுத்துப் போட்டுட்ட."

வந்த காரியம் முடிந்துவிட்டது. கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. சுகிர்தம் எழுந்து பஸ்ஸுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அந்தப் 'போறேன்' என்ற சொல் அவளை எழ விடவில்லை.

எட்டு வருடமாக அவள் இம்மானுவேலைப் பற்றி யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. ஓசூரில் இருக்கிற மகனிடம் அப்பா பேச்சை எடுத்தால், "சாப்டியாம்மா?" என்று பேச்சை மாற்றுவான். சபையில், "நல்ல இடத்துல இருக்காரும்மா" என்று சொல்லி அதோடு முடித்துவிடுவார்கள். எல்லோருக்கும் அவர் படத்தில் மாலை போட்ட மனுசனாகிவிட்டார். துண்டுக் கருவாட்டுக்காகப் பொய் சொன்ன மனுசனைத் தெரிந்தவளாக இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒருத்தி இந்தக் கட்டிலில் படுத்திருக்கிறாள். இவளும் போய்விட்டால் அங்கே அண்ணனும் தங்கையும் இரண்டு பேர். இங்கே அவள் ஒருத்தி. காலையில் பஸ் ஏறும்போது ஞானப்பூ முந்திப் போய் என்ன சொல்வாளோ என்றுதான் பயந்தாள். அவள் போன பிறகு இங்கே தான் ஒருத்தியாக மிஞ்ச வேண்டும் என்பது அப்போது தோன்றவே இல்லை.

"என்ன அவசரம் ஒனக்கு?" என்றாள். குரல் கோபம் மாதிரி கேட்டது.

"அவசரமா? எனக்கா?"

"அங்க அவருக்கு நேரங்காலமெல்லாம் கெடையாதாம். எம்புட்டு வருசமானாலும் அலுக்காதாம். எங்க ஐயா சொன்னாரு. எனக்குத்தான் இங்க பொழுது போக மாட்டேங்குது, ஞானப்பூ. அவரப் பத்திப் பேச எனக்கு ஒன்னைய விட்டா வேற யாரு இருக்கா? எட்டு வருசத்த வீணாக்கிட்டோம். போகாத. ஒரு வாரமாவது இரு."

அவள் செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். இரண்டு சேலைக்கு யாரையாவது செல்லூருக்கு அனுப்பச் சொல்லி சுஷ்மாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞானப்பூ பிடித்த கையை விடாமல் மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தாள்.

"எங் கையில என்ன இருக்கு? பாக்குறேன் மதினி" என்றாள். "அண்ணே மொத மொதல்ல ஒன்னையப் பொண்ணு பாத்துட்டு வந்து எங்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமா?"

"என்ன சொன்னாரு?" என்று சுகிர்தம் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.